லிப்ரேஆபீஸ் ரைட்டரில் தொடர்பு எண் கையேடு: சில பதிப்புகள் போட்ட பிறகு

எங்கள் பகுதி குடியிருப்போர் நலச் சங்கத்தின் தொடர்பு எண் கையேட்டைச் சில வருடங்களாக நான்தான் தயார் செய்கிறேன், லிப்ரேஆபீஸ் ரைட்டரில். திருச்சியில் பழைய குடியிருப்பு. ஏ5 அளவு, நடுவில் பின் அடித்த சின்னப் புத்தகம். பெயர், கதவு எண், தெரு, கைபேசி, ரத்த வகை. கடைசிப் பக்கத்தில் பிளம்பர், எலக்ட்ரீஷியன், தண்ணீர் லாரி. தஞ்சாவூர் நண்பர் ஒருவர், தன்னோடு படித்தவர்களுக்காக இதே மாதிரி ஒன்று போடப்போவதாகச் சொல்லி, "வேர்டா, ரைட்டரா? இல்லை, எக்செல்லிலேயே அடித்து பிரிண்ட் எடுத்துவிடலாமா சார்?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற பதிலாக இல்லாததால் எழுதுகிறேன்.

ரைட்டர் என்றால் என்ன, எங்கே இறக்குவது என்பதெல்லாம் தெரிந்ததுதான். வேர்ட் மாதிரி எழுதுவதற்கான மென்பொருள், லிப்ரேஆபீஸ் தொகுப்பில் ஒன்று. அந்தத் தொகுப்பு 2010இல் ஓப்பன்ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது, காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கையேடு போடத் தேவையான எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பாராட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து வருவது பாராட்டு கிடையாது.

ரைட்டர் தமிழை "சிடிஎல்" என்ற பிரிவில் வைத்திருக்கிறது. சிக்கலான எழுத்தமைப்பு உள்ள மொழிகளுக்கான பிரிவு அது. அரபி, ஹீப்ரு, தாய், இந்தி, தமிழ் எல்லாம் அதில் அடக்கம். ஆங்கில எழுத்துக்கும் 0 முதல் 9 வரையான எண்களுக்கும் "வெஸ்டர்ன்" என்று வேறு பிரிவு. ஒவ்வொரு ஸ்டைலிலும் (எழுத்து, பத்தி எப்படி இருக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவைக்கும் அமைப்பு) இந்த இரண்டுக்கும் தனித்தனி எழுத்துரு, தனித்தனி அளவு, தனித்தனி மொழி. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்றில் தீயைக் குறைத்தால் இன்னொன்றுக்குத் தெரியாது.

கட்டுரை எழுதுகிறவருக்கு இது பெரிய தொல்லையாக இருக்காது, மொத்தமும் தமிழ் என்பதால். கையேட்டில் ஒவ்வொரு வரியிலும் பாதி தமிழ், பாதி எண். ஸ்டைலைத் திறந்து அளவை 12இலிருந்து 10 ஆக்குகிறீர்கள். எண்கள் சுருங்கும், பெயர்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும். அல்லது பெயர்கள் சுருங்கி, எண்கள் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். எந்தத் தாவலில் மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. சிடிஎல் வசதியை மொழி அமைப்புகளில் போய் இயக்காவிட்டால் அந்தத் தாவலே கண்ணில் படாது. தமிழில் தட்டச்சு செய்ய விடும், திரையில் தமிழ் தெரியும், ஆனால் அந்தத் தமிழின் அளவை ஸ்டைலில் மாற்றும் இடம் மட்டும் மறைந்திருக்கும்.

இதைவிட எரிச்சலான சங்கதி லினக்ஸில். புதுக் கோப்பைத் திறந்து தமிழில் நாலு எழுத்து அடித்துவிட்டு, மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். பல கணினிகளில் "லோஹித் தேவநாகரி" என்று இருக்கும். சிடிஎல் மொழி என்னவென்று பார்த்தால், இந்தி. தேவநாகரி எழுத்துருவில் தமிழ் எழுத்தே கிடையாது. அப்படியானால் திரையில் தெரியும் தமிழ் எங்கிருந்து வருகிறது? எழுத்து இல்லாத எழுத்துருவைக் கேட்டால், கணினியில் இருக்கும் வேறு ஏதாவது தமிழ் எழுத்துருவை எடுத்து ஒட்டிவிடுகிறது. பெட்டியில் ஒரு பெயர், தாளில் வேறு எழுத்து. என் கணினியில் ஒட்டுவது ஒன்று, அச்சகத்துக் கணினியில் ஒட்டுவது இன்னொன்று. எழுத்தின் அகலம் மாறினால் வரி உடையும். வரி உடைந்தால் பக்கம் நகரும். நாலின் மடங்கில் முடிய வேண்டிய பின் அடித்த புத்தகத்தில் ஒரே ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடினால், கூடவே மூன்று வெற்றுப் பக்கங்கள் வரும்.

தீர்வு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆப்ஷன்ஸில் ரைட்டர் பகுதிக்குப் போய் சிடிஎல் அடிப்படை எழுத்துருக்களை எல்லாம் ஒரு தமிழ் எழுத்துருவாக மாற்றுங்கள். நான் நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்திருக்கிறேன், முக்த மலரும் நன்றாக இருக்கும். மொழி அமைப்பில் சிடிஎல் மொழியைத் தமிழ் ஆக்குங்கள். கோப்பின் பண்புகளில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துவைக்கும் தேர்வு ஒன்று உண்டு, அதையும் டிக் செய்யுங்கள். அச்சகத்துக்கு எப்போதும் பிடிஎஃப் மட்டும். இவ்வளவும் ஒருமுறை செய்தால் போதும் என்பார்கள். வேறொரு கணினியில் உட்கார்ந்து புதுக் கோப்பு தொடங்கினால் லோஹித் தேவநாகரி மறுபடி வந்து வணக்கம் சொல்லும்.

கோபத்தோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு அடுப்பு ஏற்பாட்டை வெறுத்துக்கொண்டே பழகிய பிறகு, கையேட்டுக்கு இதைவிட வசதி வேறு இல்லை என்று தோன்றுகிறது.

கையேட்டில் கண் தேடுவது இரண்டு விஷயம்: பெயர், எண். பெயர் தடிமனாக, எண் தெளிவாக, ஒன்றின் கீழ் ஒன்று இலக்கங்கள் நேராக நிற்க வேண்டும். தமிழ் எழுத்துருக்களுக்குள் இருக்கும் எண்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி; சிலவற்றில் எழுத்துக்குப் பக்கத்தில் எண் நோஞ்சானாக நிற்கும். ரைட்டரில் ஒரே ஸ்டைலில் சிடிஎல் பக்கம் நோட்டோ 10 புள்ளி, தடிமன். வெஸ்டர்ன் பக்கம் லிபரேஷன் சான்ஸ் 11 புள்ளி, சாதாரணம் என்று கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான். எந்த எண்ணையும் தனியாகத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டியதில்லை. தட்டத் தட்ட பெயர் தடிமனாகவும் எண் மெலிதாகவும் தானாக விழுகிறது. லிபரேஷன் சான்ஸில் பத்து இலக்கங்களுக்கும் ஒரே அகலம், அதனால் முந்நூறு கைபேசி எண்களும் தூண் கட்டியதுபோல் நிற்கின்றன. இப்படி இரண்டு பிரிவு இல்லாத மென்பொருளில் இதற்கு ஒவ்வொரு வரியிலும் எழுத்து ஸ்டைல் போட வேண்டியிருக்கும். எனக்கு எரிச்சல் தந்த அதே ஏற்பாடு இங்கே எனக்கு வேலைக்காரனாகிவிட்டது. அதற்காக லோஹித் தேவநாகரியை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

வரியின் உயரம் ஒன்று மிச்சம். தமிழ் எழுத்துருக்கள் மேலும் கீழும் நிறைய இடம் பிடிக்கும். வெறும் எண் மட்டும் இருக்கும் வரி குட்டையாகவும், தமிழ் இருக்கும் வரி உயரமாகவும் வந்து, பக்கம் பல் விழுந்த மாதிரி தெரியும். பத்தி ஸ்டைலில் வரி இடைவெளியை "ஃபிக்ஸ்ட்" என்று வைத்து, 10 புள்ளி எழுத்துக்கு 15 புள்ளி கொடுங்கள். அதைவிட இறுக்கினால் கி, கீ போன்றவற்றின் மேல் வளைவு வெட்டுப்படும். பிரிண்ட் எடுத்த பிறகுதான் தெரியும், ஆகவே முதலில் ஒரு பக்கம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அட்டவணையா, டேபா என்ற கேள்வி. நண்பர் அட்டவணைப் பக்கம். பெரும்பாலோர் அப்படித்தான், கட்டம் போட்டால் ஒழுங்கு வந்துவிடும் என்று நம்புகிறார்கள். ஏ5 தாளில் ஐந்து கட்டம் போட்டால் பெயருக்கு ஒரு விரல் அகலம்தான் கிடைக்கும். "மீனாட்சிசுந்தரம்" என்ற பெயர் அதில் எப்படி உடையும் என்று நினைத்துப் பாருங்கள். நான் கட்டமே போடுவதில்லை. ஒரு ஆள், ஒரு பத்தி. முதல் வரியில் பெயர், ஒரு டேப், கைபேசி எண். டேப் வலது ஓரத்தில், வலப்பக்கம் ஒட்டிய வகை, நடுவில் புள்ளிகள் நிரம்புமாறு. பிறகு ஷிஃப்ட் எண்டர் அடித்து, அதே பத்திக்குள் இரண்டாவது வரியில் கதவு எண், தெரு, ரத்த வகை. எண்டர் மட்டும் அடித்தால் முகவரி தனிப் பத்தியாகிவிடும். பின்னால் அகரவரிசை போடும்போது பெயர் ஒரு பக்கம், முகவரி ஒரு பக்கம் பிரிந்து போய்விடும். யாருடைய வீடு யாருடையது என்று கண்டுபிடிக்க மறுபடி தெருவில் இறங்கித்தான் கேட்க வேண்டும். பத்தி பக்கத்தின் நடுவில் பிளக்காமல் இருக்க "பத்தியைப் பிரிக்காதே" என்ற தேர்வும் அதே ஸ்டைலில் இருக்கிறது.

ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எண்ணை நேராக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை, கோப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

கைபேசி எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்துப் போட்டால் படிக்கச் சுலபம். சாதாரண இடைவெளி விட்டால், இரண்டு எண் கொடுத்தவரின் வரியில் முதல் ஐந்து இலக்கம் மேலே, அடுத்த ஐந்து கீழே என்று போய்விடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உடையாத இடைவெளி விழும். திரையில் அந்த இடம் சாம்பல் நிறத்தில் தெரியும், தாளில் தெரியாது. தரைவழித் தொலைபேசி வைத்திருக்கும் பெரியவர்கள் எங்கள் தெருவில் இன்னும் சிலர் உண்டு. 2021 ஜனவரி 15 முதல் தரைவழியிலிருந்து கைபேசிக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். அவர்களுக்காகப் பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு குறிப்பு அச்சிடுகிறேன். இதற்கும் மென்பொருளுக்கும் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் கையேடு போடுகிறவர் யாரும் மறக்கக் கூடாதது.

சரி, அகரவரிசை. இங்கே ரைட்டர் என்னை ஆச்சரியப்படுத்தியது. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியீட்டு எண் தரும் யூனிகோட் அட்டவணையில் ன என்பது ந பக்கத்திலும், ற என்பது ர பக்கத்திலும் உட்கார்ந்திருக்கும். நம் நெடுங்கணக்கில் ற, ன இரண்டும் கடைசி. குறியீட்டு வரிசைப்படி அடுக்கினால் கண்ணன், கந்தசாமி, கனகா, கமலா, கலா என்று வரும். ரைட்டரில் டூல்ஸ் மெனுவில் சார்ட் (Sort) போய், பிரிப்பான் டேப், மொழி தமிழ் என்று கொடுத்தால் கண்ணன், கந்தசாமி, கமலா, கலா, கனகா என்று பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையில் வருகிறது. ஜெயந்தி, ஷாஜகான், ஹமீது போன்ற கிரந்தப் பெயர்கள் கடைசியில் ஒன்றாகச் சேர்கின்றன. மொழியில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மூன்று நிலை வரை அடுக்கலாம் என்பதால், முதலில் தெரு, அதற்குள் பெயர் என்றும் போட முடிகிறது. எங்கள் முன்னாள் செயலாளர் விட்டுச்சென்ற கோப்பு, யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்தது. அதில் கொம்பு முன்னால் தட்டப்படுவதால், எழுத்தாக இல்லாமல் விசையாக அடுக்கி, கெஜலட்சுமி, செல்வம், பெருமாள் எல்லாரும் ஒரே கூட்டமாக நின்றார்கள். அதை யூனிகோடாக மாற்றாமல் வேறு வழியில்லை.

இவ்வளவு அழகாக அடுக்கும் கருவியைக் கெடுக்க நம்மிடம் ஒன்று இருக்கிறது. இனிஷியல்.

"ச. முருகன்" என்று எழுதினால் முருகன் ச வரிசையில் போய் நிற்பார். "எஸ். முருகன்" என்றால் எ வரிசையில். ஆங்கில எழுத்தாகவே எஸ் போட்டால் தமிழ்ப் பெயர்களோடு சேராமல், பட்டியலின் ஒரு முனையில் தனியாக. மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், அப்பாவின் பெயரை யார் எப்படி எழுதிக்கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. ஆங்கில எஸ் இன்னொரு வேலையும் செய்யும்: அது வெஸ்டர்ன் பிரிவில் போய் விழுவதால் மெலிந்த எழுத்தாகவும், பெயர் தடிமனாகவும் வரும். யாரோ பெயரில் பாதியைக் கறுப்பு அடித்த மாதிரி இருக்கும். 2021 டிசம்பரில் தமிழக அரசு பெயரோடு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணை போட்டது. எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் அதற்கு முன்னும் பின்னும் எழுதிக்கொடுத்ததை அப்படியே வைத்திருக்கிறார்கள். "இத்தனை வருஷமா எஸ்-தான் தம்பி, இப்ப மாத்துனா பேங்க்ல பிரச்சினை ஆகாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கையேட்டுக்கும் வங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் வாதாடவில்லை.

இதற்கு ரைட்டரைத் திட்ட முடியாது. சாதாரணமாக எந்த மென்பொருளும் தானாக இனிஷியலைத் தாண்டிப் பார்த்து அடுக்காது. நான் செய்வது: விவரங்களை முதலில் கால்க்கில் (லிப்ரேஆபீஸில் எக்செல் மாதிரி இருப்பது) வைத்துக்கொள்கிறேன். பெயர் ஒரு நெடுவரிசை, முன்னெழுத்து இன்னொன்று. எண் நெடுவரிசையை "டெக்ஸ்ட்" வகையாக வைக்க வேண்டும், இல்லையென்றால் முன்னால் இருக்கும் 0 பறந்துவிடும். அந்தக் கோப்பைத் தரவு மூலமாகப் பதிவுசெய்துவிட்டு, ரைட்டரில் தரவு மூலங்கள் பலகையைத் திறந்து, வரிசைகளைத் தேர்ந்தெடுத்து ஆவணத்துக்குள் இழுத்துவிட்டால் ஒரு பெட்டி வரும். அட்டவணையாகவா, உரையாகவா என்று கேட்கும். உரை என்று சொல்லி, பெயர், காற்புள்ளி, முன்னெழுத்து, டேப், எண் என்று அடுக்கிக்கொடுத்து, எந்தப் பத்தி ஸ்டைல் என்றும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். ஒரே இழுப்பில் முழுக் கையேடும் விழுகிறது: "முருகன், ச." என்று. இப்படி ஒரு வசதி இருப்பது பலருக்குத் தெரியாது. மெனுவில் அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிரிண்ட் பெட்டியில் "ப்ரோஷர்" தேர்வு உண்டு. ஏ4 தாளில் இரண்டிரண்டு பக்கமாக, மடித்தால் சரியான வரிசையில் வருமாறு தானே அடுக்கிக் கொடுக்கும். சிறு சங்கங்களுக்கு இது போதும், அச்சகமே வேண்டாம். நாங்கள் ஒருமுறை அச்சகத்துக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்தவர், "யூனிகோடா சார்? பேஜ்மேக்கர்ல வராது, பாமினில கொடுங்க" என்றார். பேஜ்மேக்கர் என்பது பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருள். பிடிஎஃபை நீட்டினேன். அரை மனதோடு வாங்கிக்கொண்டார்.

வேர்டைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அகராதிகளில் பக்கத்தின் மேலே அந்தப் பக்கத்தின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் இருக்குமே, அதை வேர்டில் ஸ்டைல்ரெஃப் என்ற, தானாக நிரம்பும் ஃபீல்டை இரண்டு இடத்தில் வைத்துச் சுலபமாகக் கொண்டுவரலாம். பட்டியலிலிருந்து விவரங்களை எடுத்து நிரப்பும் மெயில் மெர்ஜிலும் "டைரக்டரி" என்றே ஒரு வகை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் புதுப் பக்கம் போடாமல் தொடர்ச்சியாக அடுக்கும். நான் ரைட்டரில் ஒவ்வொரு எழுத்தும் தொடங்கும் இடத்தில் ஒரு தலைப்பு ஸ்டைல் வைத்து, பக்கத்தின் மேலே அந்த எழுத்து தானாக வருமாறு செய்து சமாளிக்கிறேன். போதும், ஆனால் "கந்தசாமி – கனகா" என்று வருவதற்கு ஈடாகாது. எங்கள் பொதுக்குழுவில் அதை யாரும் கேட்டதில்லை. எனக்குத்தான் ஆசை.

ஆக, நண்பருக்கு என்ன சொல்வது? மேலே எழுதியதை நானே படித்துப் பார்த்தால் ரைட்டர் ஜெயித்த மாதிரி இருக்கிறது. அடுக்குவதில் ஜெயித்தது, இழுத்துப் போடுவதில் ஜெயித்தது, காசு இல்லாததில் சொல்லவே வேண்டாம். ஆனாலும் அவருக்கு நான் ரைட்டரைச் சொல்லப்போவதில்லை. அவர் கணினியில் வேர்ட் ஏற்கெனவே இருக்கிறது, அதில் அவருக்குக் கை பழகியிருக்கிறது. ஒரே ஒரு புத்தகம் போடுகிறவர் சிடிஎல், வெஸ்டர்ன் என்று இரண்டு தாவலுக்கு நடுவில் நின்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. வருடாவருடம் போடுகிறவர்கள் மட்டும் ரைட்டருக்கு வாருங்கள். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால், இன்றைக்கு இரண்டரை. நேற்று மருமகளின் லினக்ஸ் மடிக்கணினியில் ஒரு திருத்தம் செய்ய உட்கார்ந்தேன், பெட்டியில் லோஹித் தேவநாகரி. போன வாரம் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன்.

அடுத்த பதிப்பு பொங்கலுக்குள் வர வேண்டும், அதுவும் ரைட்டரில்தான். விவரம் சேகரிக்கும் படிவம் தயாராகிவிட்டது. பெயருக்கு ஒரு கட்டம், முன்னெழுத்துக்குத் தனிக் கட்டம், அதன் கீழே "தமிழில் மட்டும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். எண்ணை அச்சிட வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்காக ஒரு டிக் பெட்டியும் உண்டு. சில வீடுகளில் பெண்கள் கேட்டார்கள், நியாயம்தான். எஸ்-தான் வேண்டும் என்ற பெரியவர் வீட்டுக்குப் படிவத்தோடு பொருளாளரை அனுப்பலாம் என்று இருக்கிறேன். நான் போனால் வங்கிக் கதை மறுபடி ஆரம்பிக்கும்.